நவராத்திரி மிச்சமும் எங்கள் தெரு மாவு மில்லும்

விஜயதசமி முடிந்த மறுநாள், கொலுப் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றியதும், சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் பொட்டலங்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்ப்பது எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்துவரும் பழக்கம். ஒன்பது நாளும் ஒவ்வொரு விதமாகச் சுண்டல் செய்கிறோம்; பயறு வகைகளைப் பெரும்பாலும் அரைக் கிலோ பொட்டலமாகத்தான் வாங்குகிறோம்; வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள் ஒரு நாள் பத்துப் பேர், மறுநாள் மூன்று பேர் என்று மாறுகிறார்கள்; ஆகவே ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. இந்த முறை நிறுத்துப் பார்த்தபோது கறுப்புக் கொண்டைக்கடலை 400 கிராம், பட்டாணி 350, பச்சைப்பயறு 300, காராமணி 250, மொச்சை 200, கடலைப்பருப்பு 500 என்று மொத்தம் 2 கிலோ இருந்தது. அதோடு டப்பாவின் அடியில் தங்கிய துவரம்பருப்பு 300 கிராம், உடைந்த உளுந்து கால் கிலோ, மூட்டையின் கடைசியில் கிடந்த புழுங்கலரிசி ஒன்றரைக் கிலோ, போன மாதம் வாங்கி மறந்துபோன கேழ்வரகும் கம்பும். ஆயுத பூஜைக்காக வாங்கியதும், ஆட்டோ ஸ்டாண்டிலும் பக்கத்துக் கடைகளிலும் கொடுத்ததுமாகச் சேர்ந்த பொரி ஐந்து பை.

இவற்றை எல்லாம் தனித்தனியாகச் சமைத்துத் தீர்க்க முயன்றால் தீபாவளி வந்துவிடும். தீபாவளியோடு மழையும் வந்துவிடும். அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. அந்த ஈரத்தில் திறந்த பொட்டலத்துப் பயறு ஒரு மாதம் தாங்காது. இந்த முறை காராமணியைக் கையில் அள்ளியபோதே ஒவ்வொரு மணியின் மேலும் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். அவை பயற்றுவண்டு இட்ட முட்டைகள். அதிலிருந்து வரும் புழு பயற்றைத் துளைத்து உள்ளேயே வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும் என்பதால், வண்டைக் கண்ணால் பார்க்கும்போது பயறு பாதி கூடாகியிருக்கும். காராமணியை மனமில்லாமல் தூக்கி எறிந்தேன். மொச்சையை அன்றிரவே ஊறவைத்து மறுநாள் கத்தரிக்காயோடு குழம்பு வைத்துவிட்டேன். மீதியை எடுத்துக்கொண்டு நான் போன இடம், மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் மாவு மில். அந்த மில்லைப் பற்றியும், பண்டிகை மிச்சத்தைத் தீர்ப்பதில் அது எனக்கு எவ்வளவு உதவுகிறது, எங்கே உதவவில்லை என்பதைப் பற்றியும்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மில்லின் முதல் சிறப்பு, அரைக் கிலோ கொண்டுபோனாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வதுதான். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வீட்டு மிச்சத்தைத் தீர்க்க நினைக்கிறவருக்கு இதுவே முக்கியம். பல மில்களில் 2 கிலோவுக்குக் குறைந்தால் போட மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது: எந்த எந்திரத்திலும் கொஞ்சம் மாவு உள்ளே தங்கும், முந்தியவருடைய மாவும் கொஞ்சம் கலக்கும், அளவு குறையக் குறைய அந்தக் கலப்பு அதிகமாகத் தெரியும். இங்கே அண்ணாச்சி அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். சிறிய அளவுகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து, ஒரே இனமாக இருப்பவற்றை அடுத்தடுத்துப் போடுகிறார். புழுங்கலரிசிக்குப் பின் பச்சரிசி, அதற்குப் பின் அடை மாவு, அதற்குப் பின் கஞ்சி மாவு என்று வரிசை போகும். கோதுமைக்குத் தனி எந்திரம், மிளகாய், மல்லி, மஞ்சளுக்குத் தனி எந்திரம், அதிரசத்துக்கும் புட்டுக்கும் ஊறவைத்த அரிசியை ஈரமாக அரைக்க இன்னொன்று. “அம்மா, இது எதுக்கு? அடையா, கஞ்சியா?” என்று கேட்காமல் அவர் ஒரு தூக்கையும் வாங்கி வைப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். முதல் முறை என்னை அப்படித்தான் அனுப்பினார்.

அடைக்கு நான் கொடுத்தது புழுங்கலரிசி ஒன்றரைக் கிலோ, கடலைப்பருப்பு 500 கிராம், துவரம்பருப்பு 300, உளுந்து 250, பச்சைப்பயறு 200. ஆக மொத்தம் 2 கிலோ 750 கிராம். அரிசியையும் பருப்பையும் ஒரு பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் காயவைத்திருந்தேன். மிளகாயைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் எனக்குப் பின்னால் கஞ்சி மாவு அரைக்கிறவர் வீட்டுக் குழந்தைக்குக் காரம் போய்ச் சேரும் என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருக்கிறார், அது சரியும்கூட. எந்திரத்தில் வேலை செய்யும் தம்பி மேலே கொட்டி, பக்கத்திலிருக்கும் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, கீழே துணிக்குழாய் வழியாக முதலில் விழுந்ததில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார். பிறகு அதே விரல்களை என் பக்கம் நீட்டினார். நானும் தேய்த்துப் பார்த்தேன்: ரவையைவிடக் கொஞ்சம் மெல்லிசு, ஆனால் விரலில் நெருடுகிறது. “இன்னும் அரைச் சுத்து குறைக்கட்டுமாம்மா?” என்றார். வேண்டாம் என்றேன். அடைக்கு அந்த நெருடல்தான் வேண்டும்; நைஸாக அரைத்தால் கல்லில் தோசையாகிவிடும், ஓரம் முறுகாது. கடைசியில் எந்திரத்தின் மேல்வாயை மரக்கட்டையால் நான்கைந்து தட்டுத் தட்டி, துணிக்குழாயை உதறி, உள்ளே தங்கியதையும் என் தூக்கிலேயே விழவைத்தார். வீட்டுக்கு வந்து நிறுத்தபோது 2 கிலோ 700 கிராம் இருந்தது. 50 கிராம் போவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால்தான் கேட்க வேண்டும்.

இந்த மாவைச் சமைக்கும் முறையும் எளிது. ஒரு டம்ளர் மாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து, முக்கால் மணி நேரம் விட்டுவைத்தால் அரிசியும் பருப்பும் தண்ணீரைக் குடித்து இறுகும். பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உப்பு, பெருங்காயம், நுணுக்கிய மிளகாய், வெங்காயம், ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்த்துக் கனமாக வார்த்து, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட வேண்டும். ஊறவைத்து அரைத்த அடைக்கு இருக்கும் ஈரப்பசை இதில் கொஞ்சம் குறைவுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்று, மின்சாரம் நிறுத்தப்பட்டு, கிரைண்டரும் மிக்ஸியும் ஓடாமல் கிடந்தபோது, இரண்டு வேளை எங்கள் வீட்டிலும் மேல்மாடி வீட்டிலும் வயிறு நிறைந்தது இந்த உலர்ந்த அடை மாவால்தான். அந்த நாட்களுக்குப் பிறகு மழைக்காலத்துக்கு முன் 3 கிலோ அடை மாவாவது அரைத்து வைக்காமல் நான் இருப்பதில்லை.

கஞ்சி மாவுக்குக் கொண்டைக்கடலை, பட்டாணி, மீதிப் பச்சைப்பயறு, கேழ்வரகு, கம்பு, பொரிப் பைகளில் இருந்து பிரித்தெடுத்த பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கொடுத்தேன். பொட்டுக்கடலையைத் தவிர மற்றவற்றைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். கொண்டைக்கடலை வறுபடும் நேரத்தில் கம்பு கருகிவிடும். இங்கே அண்ணாச்சி சொன்ன ஓர் அறிவுரையை எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மில்லிலிருந்து வரும் மாவு கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே மூடி எடுத்து வந்து டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகிச் சொட்டி, நான்கே நாளில் மாவு கட்டிதட்டிச் சிக்குவாடை அடிக்கும். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான வேட்டியில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியைப் போடாமல் இரண்டு மணி நேரம் ஆறவிட்டுச் சலித்த பிறகே டப்பாவில் போட வேண்டும். தானியமாக இருக்கும்போது உள்ளே அடங்கியிருந்த எண்ணெய்ச் சத்து மாவானதும் காற்றுபட்டுக் காறத் தொடங்கும் என்பதால், கம்பு சேர்ந்த மாவை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மிச்சத்தைத் தீர்க்கப் போய்ப் புதிய மிச்சத்தை உண்டாக்கிக்கொள்ளக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த மில்லைக் கண்டுபிடிப்பதற்கு முன் வேறொரு பகுதியில் இருக்கும் ஒரு மில்லுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரே எந்திரத்தில்தான் எல்லாம் ஓடும். தீபாவளிக்கு முந்தைய வாரம் தேன்குழலுக்கு 4 பங்கு பச்சரிசியும் 1 பங்கு வறுத்த உளுந்தும் கொடுத்துவிட்டு, பூ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். மாவு தயாராக இருந்தது. வீட்டுக்கு வந்து பிசைந்து, வெண்ணெயும் சீரகமும் சேர்த்து, முதல் ஈடு எண்ணெயில் விழுந்தபோதுதான் மல்லித்தூள் வாசனை எழுந்தது. எனக்கு முன்னால் யாருக்கோ சாம்பார்ப்பொடி அரைத்திருக்கிறார்கள். 3 கிலோ மாவு அத்தனையும் அப்படியே. என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் அந்த மாவில் கொத்தமல்லி, பச்சை மிளகாய் சேர்த்துத் தட்டையாகத் தட்டிப் பண்டிகையை ஒப்பேற்றினார். ஆனால் தேன்குழலின் வெள்ளை நிறமும் வெண்ணெய் வாசனையும் இல்லாத அந்தத் தீபாவளியை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மில்லில் கேட்டபோது அரிசி போட்டுக் கழுவிவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டிவிட்டால் மசாலா வாசனை போய்விடாது. புது மில்லுக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மிளகாய்க்குத் தனி எந்திரம் இருக்கிறதா என்பதைத்தான்; அடுத்தது, தூக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்று வாங்கிக்கொள்வது.

நான் இப்போது போகும் மில்லிலும் சில விஷயங்கள் சரியில்லை. ஒன்று, அரைப்புக் கூலியை எழுதி ஒட்டுவதில்லை. இந்த முறை அடை மாவுக்குக் கிலோ 20 ரூபாய், கஞ்சி மாவுக்கு 25 ரூபாய் வாங்கினார்கள். பக்கத்தில் நின்ற அம்மாளிடமும் அதேதான் வாங்கினார்கள் என்றாலும், ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிட்டால் கேட்கும் சங்கடம் யாருக்கும் இராது. இரண்டு, காத்திருக்கும் இடத்தில் மாவுப் புழுதி அதிகம். எந்திரங்களுக்கு நடுவே வேலை செய்யும் அந்தத் தம்பியின் இமையெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கழுத்தில் துண்டு இருக்கிறதே ஒழிய மூக்கில் முகக்கவசம் இல்லை. நாள் முழுக்க அந்தப் புழுதியைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல. இதை அண்ணாச்சியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்; அடுத்த முறை போகும்போது ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிப் போய்க் கொடுப்பதாக இருக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே நின்று வாங்கிக்கொள்வது உத்தமம்.

மில்லில் எதைப் போட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேர்க்கடலையையோ எள்ளையோ தனியாகக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். எண்ணெய் கக்கி எந்திரத்தில் அப்பிக்கொள்ளும். நான் வறுத்த வேர்க்கடலை கொஞ்சம் வைத்திருந்தேன். கஞ்சி மாவில் கிலோவுக்கு ஒரு கைப்பிடி என்றால் சேர்க்கலாம் என்றார் அண்ணாச்சி. ஆனால் அவற்றைக் கொட்டிப் பார்த்துவிட்டு, சுருங்கிக் கறுத்திருந்த பருப்புகளைத் தானே பொறுக்கி எறிந்தார். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் உண்டாகும் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. வீணாகிறதே என்று பார்த்தால் உடம்புதான் கெடும். மிச்சத்தைத் தீர்ப்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. என்றாலும் பூஞ்சை, காறல், வண்டு முட்டை இந்த மூன்றுக்கும் முன்னால் பிடிவாதம் காட்டக் கூடாது.

வீட்டு மிக்ஸியில் அரைத்தால் என்ன என்று என் மகள் கேட்கிறாள். கால் கிலோ என்றால் மிக்ஸி போதும். இரண்டே முக்கால் கிலோ புழுங்கலரிசிக் கலவையை மிக்ஸியில் அரைத்தால் மோட்டார் சூடேறி நடுவில் நிறுத்த வேண்டியிருக்கிறது, பதமும் ஒரே சீராக வருவதில்லை. கொஞ்சம் மாவாகவும் கொஞ்சம் முழுப் பருப்பாகவும் கிடக்கும். கடையில் விற்கும் அடை மிக்ஸ் பொட்டலம் வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்கினால் அலமாரியில் இருப்பது தீராது. இன்னொரு பொட்டலம் கூடும்.

பொரிக்கும் பலகாரத்துக்கும் மில் பயன்படாது, அவற்றை அடுப்படியிலேயே தீர்க்க வேண்டும். நமத்துப்போன பொரியை வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் சிறுதீயில் புரட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும். அதற்கும் மசியாத பொரியைத் தண்ணீரில் நனைத்து உடனே பிழிந்து, கடுகு, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்துப் பிரட்டினால் காலைச் சிற்றுண்டி. ஐந்து பையும் எட்டு நாளில் தீர்ந்தது. தீபாவளிக்குப் பின் மிஞ்சும் லட்டுவை உதிர்த்துக் காய்ச்சிய பாலில் போட்டால் சர்க்கரை சேர்க்காமலே பாயசம் ஆகிவிடுகிறது. கெட்டியான அதிரசத்தை இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் இளகும். உடைந்த முறுக்கையும் ஓமப்பொடியையும் மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொண்டு, வாழைக்காய்ப் பொரியலில் தூவுகிறோம், குருமா நீர்த்துப் போனால் ஒரு கரண்டி போடுகிறோம். பலகாரம் சுட்ட எண்ணெயை மட்டும் நாள் கணக்கில் வைத்துத் தீர்ப்பதில்லை. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. ஆகவே நிறம் கறுத்து நுரை கட்டிய எண்ணெயை வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் கொடுத்துவிடுவதே என் வழக்கம், சாக்கடையில் ஊற்றுவதில்லை.

போகிற நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் இந்த மில்லில் முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்குமாகத் தெருவரை வரிசை நிற்கும். அப்போது அரைக் கிலோ கஞ்சி மாவோடு போய் நிற்பது அவர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் பதம் சரியாக வராது. விஜயதசமி முடிந்த முதல் வாரமே சரியான நேரம். காலை 10 மணிக்கு முன்னால் போனால் எந்திரம் சுத்தமாக இருக்கும். மறுபடி நான் போவது போகிக்கு முந்தைய வாரம். பொங்கலுக்குப் புது அரிசியும் ரேஷன் கடைப் பச்சரிசியும் வீட்டுக்கு வருவதற்குள் பழையது அத்தனையும் மாவாகிவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் சூடான மாவை வாங்காதீர்கள், எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். தூக்கின் உள்ளே, தானியத்தின் மேலேயே, எதற்கு, எந்தப் பதம், எத்தனை கிலோ என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். கொட்டுவதற்கு முன் அந்தத் தம்பி அதை எடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். தவறாக இருந்தால் அப்போதே சொல்லிவிடலாம்.